மகளுக்கு ஊசி போடச் சம்மதித்தால் சொந்தபந்தம் என்னைச் சும்மா விடுமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

“எனக்கு 38 வயது. கணவர் சவுதியில் டிரைவர். நானும் மாமியாரும் 14 வயது மகளும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு ஒப்புதல் படிவம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 48 பேர் இருக்கிறோம். படிவம் வந்த ராத்திரியே ஒரு ஆடியோ சுற்ற ஆரம்பித்தது. ‘ஆந்திராவுல இந்த ஊசி போட்டு 7 பிள்ளைங்க செத்துப்போச்சு, மறைச்சிட்டாங்க’ என்று யாரோ பேசுகிறார். போட்டால் பிற்பாடு குழந்தை பிறக்காது என்றும் வரிசையாகச் செய்திகள். ஆறு பேர் ‘நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்’ என்று எழுதிவிட்டார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார். வகுப்பு டீச்சரோ, போடாதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாராம். மாமியார், ‘வயசுக்கு வந்த பிள்ளை, நாளைக்கு ஒண்ணுன்னா என் மகனுக்கு யார் பதில் சொல்றது’ என்கிறார். என் மகளுக்குக் கெட்ட சகவாசம் எதுவும் கிடையாது, அவளுக்கு இது எதற்கு என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மாமியாரின் அக்கா கர்ப்பப்பையில் கட்டி வந்து, மதுரைக்குக் கொண்டுபோய்க் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தும் பிழைக்காமல் போனதும் நினைவுக்கு வருகிறது. யாருக்கும் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடலாமா? இல்லை, எல்லோரும் போடும்போது போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடலாமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஊசியைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது கொஞ்சம்தான். ஊசிக்குப் பிறகு வீட்டிலும் தெருவிலும் குரூப்பிலும் உங்கள் நிலைமை என்ன ஆகும் என்றுதான் நிறைய கேட்டிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொது சுகாதாரத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், தடுப்பூசி வேண்டாம் என்ற தாய்மாரில் மருந்தை அலசிப் பார்த்து வேண்டாம் என்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘ஏதாவது ஆனால் என்னைத்தானே சொல்வார்கள்’ என்ற பயம்தான் பெரும்பாலும். கணவர் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் அந்தப் பயம் இரண்டு மடங்கு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு 13 வயதில் இந்த ஊசியைப் போட்டேன். இடது கை வலிக்கிறது என்று இரண்டு நாள் பின்னல் போட்டுக்கொள்ள என்னிடம் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஆனால் நான் மருத்துவர், என் வீட்டில் இந்த விஷயத்தில் என் பேச்சு எடுபடும். உங்கள் வீட்டு நிலைமை வேறு. அதனால் ‘நான் போட்டேன், நீங்களும் போடுங்கள்’ என்று முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன், உங்கள் மனத்திலேயே இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். ‘கெட்ட சகவாசம் இல்லாத பிள்ளைக்கு இது எதற்கு’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸுக்கு நல்ல பெண், கெட்ட பெண் என்ற கணக்கெல்லாம் கிடையாது. திருமண வாழ்க்கைக்குள் வருகிற பெண்களிலும் ஆண்களிலும் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதன் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பலருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் புற்றாக மாறுகிறது. கணவர் ஒருவரைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்கள் இந்த நோயோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்’ என்று அவர்கள் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது, 75,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். உங்கள் மாமியாரின் அக்காவும் அந்த வரிசையில் ஒருவராக இருந்திருக்கலாம். தொற்று வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுதாக வேலை செய்யும். இத்தனை சின்ன வயதில் போடச் சொல்வது அதனால்தான்.

ஆந்திராவில் நடந்தது என்ன

அந்த ஆடியோ முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அதனால்தான் அது இவ்வளவு தூரம் பரவுகிறது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும், அதன்பின் குஜராத்தின் வதோதராவிலும் 20,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு ஒரு திட்டத்தின் கீழ் இந்த ஊசியைப் போட்டார்கள். அவர்களில் 7 பேர் பின்னர் இறந்ததும் உண்மை. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அரசு அமைத்த குழு ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று காரணங்கள் வெவ்வேறாக இருந்தன. மரணங்களுக்கு ஊசி காரணம் என்று தெரியவரவில்லை.

ஆனால் அங்கே வேறொரு தவறு நடந்தது. அதை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கம்மத்தில் நிறைய பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரைக் கேட்காமலேயே ஏராளமான படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாயைக் கேட்காமல் பிள்ளைக்கு ஊசி போட்டால், பிறகு அந்தப் பிள்ளையைப் பாம்பு கடித்தாலும் ஊர் ஊசியைத்தான் சொல்லும். ஊரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு தவறுக்கு 15 ஆண்டுகள் கழித்து, ஆந்திராவைப் பார்த்தே இராத நீங்கள் ராத்திரியில் தூங்காமல் இருக்கிறீர்கள்.

குழந்தை பிறக்காமல் போகுமா?

போகாது. இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும்தான் இருக்கிறது. 2006-லிருந்து பயன்பாட்டில் உள்ள இது இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளின் தடுப்பூசித் திட்டங்களில் இருக்கிறது. கருமுட்டைப் பையின் செயல்பாட்டை இது பாதிக்கிறதா என்று குறிப்பாகவே ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. சொல்லப்போனால் நிலைமை நேர்மாறானது. ஊசி தடுக்கிற அந்த நோய் வந்தால்தான் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், கரண்டு வைக்க வேண்டிவரும்.

இந்த வதந்தியும் புதிதில்லை. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்கும் இதையேதான் சொன்னார்கள், பிள்ளைகள் மலடாகிவிடுவார்கள் என்று. டெல்லியிலிருந்து எத்தனை விளம்பரம் போட்டும் நம்பாதவர்கள், அதே தெருவில் குடியிருந்த பெண்கள் வீடுவீடாக வந்து பேசியபோதும், பள்ளிவாசலில் இமாம் எடுத்துச் சொன்னபோதும் கதவைத் திறந்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் காட்டு வகைப் போலியோ ஒன்றுகூட வரவில்லை. அந்த வதந்திக்கு நடுவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்குத் தாங்களே தாய் தகப்பன்.

ஸ்காட்லாந்தில் 2008-லிருந்து பள்ளிகளிலேயே இந்த ஊசியைப் போடுகிறார்கள். 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்ததாகப் பதிவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஊசி எல்லா வைரஸ் வகைகளையும் தடுத்துவிடாது. பெரும்பங்கு புற்றுக்குக் காரணமான வகைகளைத்தான் தடுக்கும். எனவே உங்கள் மகள் 30 வயதைத் தாண்டியதும் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், ஊசி போட்டாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது.

டீச்சர் சொன்னது சரியா?

சரியில்லை. இது விருப்பத்தின் பேரில் போடும் ஊசி. வேண்டாம் என்றதற்காக ஒரு பிள்ளையைப் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தவோ வகுப்பில் ஒதுக்கிவைக்கவோ பள்ளிக்கு அதிகாரம் கிடையாது. கோவிட் தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடல்மீது ஒருவருக்கு இருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றுதான் சொன்னது. அந்த டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், இலக்கை முடிக்க வேண்டிய அவசரமாக இருக்கலாம். ஆனாலும் தலைமை ஆசிரியையிடம் மரியாதையாக இதைச் சொல்லிவிடுங்கள். மிரட்டி வாங்கும் கையெழுத்து அடுத்த ஊசிக்கும் சேர்த்தே கதவை அடைத்துவிடும்.

படிவத்தில் தாயின் கையெழுத்து செல்லும். கணவர் ஊரில் இல்லை என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாமா என்று கேட்டீர்களே, அது வேண்டாம். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. ஊசி போட்ட அன்று ராத்திரி பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் வரலாம். அப்போது மாமியாரிடம் என்ன சொல்வீர்கள்? மறைத்தது தெரிந்த பிறகு சாதாரணக் காய்ச்சலும் பெரிய குற்றமாகிவிடும். கணவரிடம் இன்றைக்கே போனில் பேசுங்கள், படிவத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். மகளிடமும் பேசுங்கள். அவள் உடம்புக்குத்தானே ஊசி? அவள் பயம் என்னவென்று இதுவரை வீட்டில் யாராவது கேட்டார்களா? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

எல்லோரும் போடும்வரை காத்திருக்கலாமா?

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், குரூப்பில் 48 பேர், வேண்டாம் என்று எழுதியவர்கள் 6 பேர். உங்களையும் சேர்த்து மீதி 42 பேர் வாயே திறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேராவது உங்களைப் போலவே படிவத்தை அலமாரியில் வைத்துவிட்டு, வேறு யாராவது முதலில் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்ததே, நினைவிருக்கிறதா? 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை. அப்போதும் இதே வாட்ஸ்அப், இதே வதந்தி. அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. அடுத்தடுத்த தெருவில் இருந்த இரண்டு பள்ளிகளுக்கு நான் பொறுப்பு. முதல் பள்ளியில் டைரியில் நோட்டீஸ் ஒட்டி அனுப்பினார்கள். முகாம் அன்று போய்ப் பார்த்தால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி, பிள்ளைகளை லீவு போட வைத்துவிட்டார்கள். இரண்டாவது பள்ளியின் தலைமை ஆசிரியை முந்தின வாரமே பெற்றோரைக் கூப்பிட்டு எங்களிடம் கேள்வி கேட்கவிட்டார். இரண்டு மணி நேரம் கேட்டார்கள், சில கேள்விகள் காரசாரமாகவே இருந்தன. முகாம் அன்று அந்தப் பள்ளியின் ஆயாம்மா தன் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் ஆளாக நிறுத்தினார். அந்த அம்மாள் அதே பள்ளியில் பல வருஷமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு துடைத்துவிட்டவர். வரிசை தானாக நின்றது. சாயங்காலம் இடது கட்டைவிரல் நகத்தில் மை அடையாளத்தோடு பிள்ளைகள் தெருவெல்லாம் விரலைக் காட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து முதல் பள்ளி அம்மாக்கள் சிலர் தாங்களாகவே எங்களைத் தேடி வந்தார்கள். ‘அங்க போட்ட பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு’ என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே காரணம். இரண்டு இடத்திலும் ஒரே மருந்து, ஒரே நர்ஸ், ஒரே ஐஸ் பெட்டி.

சிக்கிம் 2018-இல் இதே எச்.பி.வி. ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெற்றோரைக் கூட்டிப் பேசிவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்கள். தகுதியான சிறுமிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள்.

அதனால் குரூப்பில் நீங்கள் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம். 48 பேர் பார்க்க ஒருவரை மறுத்துப் பேசினால் அவர் மனம் மாறமாட்டார், வீம்புதான் ஏறும். பேசாமல் இருக்கிற இரண்டு அம்மாக்களுக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். ‘எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஸ்கூல்ல ஒரு கூட்டம் வைக்கச் சொல்லிக் கேட்போமா’ என்று ஆரம்பியுங்கள். மூன்று பேராகத் தலைமை ஆசிரியையிடம் போய், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரையும் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையும் வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஒரு சாயங்காலம் வரவழைக்கக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் கேட்டால் இன்னும் எளிது. முடியாது என்றால், அடுத்த சுற்று எப்போது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்தைத் தள்ளிவைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு தவணை தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளாதீர்கள். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது 14 வயதுச் சிறுமிகளுக்கான திட்டம். வயது தாண்டிவிட்டால் தனியாரில் ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும்.

மாமியாரிடம் பேசும்போது

நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் பெரிதாகப் பட்டது, அவருடைய அக்காவின் மரணம். அதை வைத்து அவரை மடக்க வேண்டாம். ‘பெரியம்மாவுக்கு என்ன ஆச்சு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க’ என்று கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மதுரையில் கரண்டு வைத்த அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரும் அவரைப் பேசவிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்த நோயை நம் வீடுகளில் மூடித்தான் வைக்கிறோம். அவர் பேசி முடித்தபின், அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் என்று தெரிந்தால், அதே நோயைத் தடுக்கத்தான் இந்த ஊசி என்று சொன்னால் போதும்.

ஊசியால் கேடு வந்ததே இல்லையா என்று அவர் கேட்கலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்தது அவருக்கு நினைவிருக்கலாம். மறுக்காதீர்கள், நானும் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊசி போடும் முறையே மாறியது. டாக்டர் இருக்கிற இடத்தில் போடுவது, போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்ப்பது என்று கண்டிப்பு கூடியது. உங்கள் பள்ளியிலும் அந்த இரண்டும் நடக்குமா, அவசர மருந்துப் பெட்டி கையில் இருக்குமா என்று அவரே கூட்டத்தில் கேட்கட்டும்.

இன்னொன்று, நீங்களும் நாத்தனாரும் ஒருநாள் சேர்ந்து போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பார்கள், சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் இதை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இந்தப் புற்றால் வரும் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன, 2007-இல் முடிவு வெளியானது. நாத்தனாரோடு ஊசியைப் பற்றி வாதாடுவதைவிட, பரிசோதனைக்கு அவரோடு ஒரே பஸ்ஸில் போய்வருவது உங்கள் இருவருக்கும் நல்லது.

ஊசி அன்று

வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும். முன்பு எந்த ஊசிக்காவது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தாலோ, அன்றைக்கு நல்ல காய்ச்சல் இருந்தாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம், தலைவலி, லேசான காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். மூச்சுத்திணறல் போன்ற கடும் ஒவ்வாமை மிக மிக அபூர்வம். வந்தால் அந்த அரை மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், அதற்கு மருந்தும் இருக்கிறது.

இந்த வயதுப் பெண் பிள்ளைகள் எந்த ஊசிக்கும் மயங்கி விழுவதுண்டு. ஒருத்தி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்தவளுக்கும் கண் இருட்டும். 2014-இல் கொலம்பியாவின் எல் கார்மென் டே பொலிவார் என்ற ஊரில் இப்படி நூற்றுக்கணக்கான சிறுமிகள் மயங்கினார்கள். ஊசி மருந்து காரணம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தது, ஆனால் வீடியோக்கள் அதற்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டிருந்தன. அதனால் ஒரு பிள்ளைக்குப் போடுவதை இன்னொரு பிள்ளை பார்க்காதபடி தனி அறையில், உட்காரவைத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். யாரும் போன் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் எது வந்தாலும் 104-க்கு அழைக்கலாம், உங்கள் செவிலியரின் நம்பரையும் கூட்டத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின் பெஞ்சில் வேண்டாம், டாக்டருக்கு எதிரே முன் வரிசையில் உட்காரட்டும்.